காரின் எரிபொருள் கலவை: வீட்டில் எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்

புக்கிட் பாத்தோக் ஸ்திரீட் 23ல் இருக்கும் விக்கம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் விளக்கு, பிரேக், சக்கரம் ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடுவதில்லை. காரின் புகைபோக்கிக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, வெளிவரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருக்கிறது என்றும் அளக்கிறார்கள். அளவு மீறினால் கார் தேறாது. பரிசோதனையில் தேறாத காருக்குச் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது.

பதிவான நாளிலிருந்து 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரையிலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை உண்டு. பத்தாண்டைத் தாண்டியவற்றுக்கு ஆண்டுதோறும். வாகன உரிமைச் சான்றிதழின் விலையைப் பார்த்துவிட்டு, புதிய கார் வாங்காமல் பழைய காரின் சான்றிதழையே புதுப்பித்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு அந்தக் குழாய் ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேர்வு.

தேறாத தாளோடு வீட்டுக்கு வந்தால் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் சொல்லக்கூடியது இதுதான்: “கலவை அதிகமாகப் போகிறது. ஸ்குருவைக் கால் சுற்று திருப்பினால் சரியாகிவிடும்.” மோரிஸ் மைனரோ அம்பாசடரோ ஓட்டிப் பழகியவருக்கு அது நல்ல யோசனை. அவர் சொல்வதில் பாதி இன்றும் உண்மை. கலவைதான் கெட்டிருக்கும். ஆனால் அவர் தேடும் திருகாணி இன்றைய காரில் கிடையாது.

ஒரு லிட்டருக்கு ஓர் அறைக் காற்று

பெட்ரோல் தானாக எரிவதில்லை. காற்றோடு கலந்தால்தான் எரியும். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எடைக் கணக்கில் இது சிறியதாகத் தெரியும். கொள்ளளவில் பார்த்தால்தான் அதன் பெருமை புரியும்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேல் காற்று தேவை. மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் உள்ள ஒரு படுக்கையறையில் இருக்கும் காற்று மொத்தமும் இரண்டரை லிட்டர் பெட்ரோலுக்குத்தான் வரும்.

பெட்ரோல் இந்த அளவைவிடக் கூடினால் அதைப் பட்டறைகளில் ‘ரிச்’ என்பார்கள். எரிய வேண்டிய கரிக்குப் போதிய உயிர்வாயு கிடைக்காததால் அது பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். புகைபோக்கியின் வாய் கறுக்கும், ஸ்பார்க் பிளக்கின் முனையில் புகைக்கரி படியும், பின்னால் நின்றால் பெட்ரோல் நெடி அடிக்கும், எண்ணெய்ச் செலவு ஏறும்.

குறைந்தால் ‘லீன்’. சிக்கனம்தானே என்று தோன்றும். சற்றே குறைந்த கலவை உண்மையிலேயே சிக்கனமானதுதான். ஆனால் ஓரளவுக்கு மேல் குறைந்தால் தீப்பொறி பட்டாலும் கலவை சரியாகப் பற்றாது. வண்டி தயங்கும், குலுங்கும். மேட்டில் ஏறும்போது, முழு வேகம் எடுக்கும்போது கலவை மெலிந்திருந்தால் எஞ்சினுக்குள் வெப்பம் அளவு மீறும். ‘டொக் டொக்’ என்று தட்டும் ஓசை கேட்கும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டனே உருகிப்போகலாம். இதனால்தான் முழு விசை கேட்கும் நேரத்தில் எஞ்சினுக்கு 14.7 தராமல் 12.5 அல்லது 13 என்ற அளவில் பெட்ரோலைக் கூட்டித் தருகிறார்கள். கூடுதல் பெட்ரோல் எஞ்சினுக்குள் ஆவியாகி வெப்பத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே ‘சரியான கலவை’ என்பது ஒற்றை எண் கிடையாது. குளிர்ந்த எஞ்சினுக்கு ஒன்று, சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒன்று, விரைவுச்சாலையில் சீராக ஓடும்போது ஒன்று, முந்திச் செல்லும்போது ஒன்று. ஒரே திருகாணியால் இத்தனையையும் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் வியப்பு.

திருகாணிக் காலம்

புக்கிட் பாத்தோக்கை ஒட்டியே செல்லும் அப்பர் புக்கிட் தீமா சாலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலைக் கட்டடம் நிற்கிறது. 1942 பிப்ரவரி 15ல் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்த இடம் என்றுதான் பள்ளிப் பிள்ளைகள் அதை அறிவார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கட்டி முடிக்கப்பட்டபோது அது தென்கிழக்காசியாவின் முதல் கார் பொருத்தும் ஆலை. போருக்குப் பின் மீண்டும் கார் வேலைக்குத் திரும்பி, 1980ல் மூடப்படும் வரை அங்கிருந்து கார்கள் வெளிவந்தன. அந்தத் தலைமுறைக் கார்களுக்குக் கலவையைத் தந்தது கார்புரேட்டர்.

கார்புரேட்டரில் மின்சாரமோ கணினியோ இல்லை. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாகப் பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, பக்கத்தில் இருக்கும் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை ஒரு நுண்ணிய துளை வழியாக இழுத்துத் தெளிக்கிறது. காற்று கூடினால் இழுவை கூடும், பெட்ரோலும் கூடும். எளிய ஏற்பாடு, ஆனால் கணக்கு எப்போதும் துல்லியமாக வராது. ஆகவே நின்ற நிலையில் ஓடுவதற்கு ஒரு வழி, சீராக ஓடுவதற்கு ஒரு துளை, திடீரென்று மிதித்தால் பீய்ச்ச ஒரு சிறு பம்ப், குளிரில் கிளப்ப ‘சோக்’ என்று ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

இவற்றில் பெரும்பாலான கார்புரேட்டர்களில் வீட்டுக்காரர் கைவைக்கக்கூடியது நின்ற நிலைக்கான கலவைத் திருகாணி ஒன்றுதான். முறை இது: எஞ்சினை நன்றாகச் சூடாக்க வேண்டும். காற்று வடிகட்டி அதன் இடத்தில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 800 சுற்று அளவில் எஞ்சினை ஓடவிட்டு, திருகாணியை மெதுவாக உள்ளே திருப்ப வேண்டும். ஒரு கட்டத்தில் எஞ்சின் தடுமாறும். பிறகு கால் கால் சுற்றாக வெளியே எடுக்க வேண்டும். ஓட்டம் சீராகி, வேகம் தானாகக் கொஞ்சம் ஏறி, அதற்கு மேல் ஏறாமல் நிற்கும் இடம் வரும். அங்கே நிறுத்தி, சற்றே உள்பக்கம் திருப்பினால் வேலை முடிந்தது.

மோரிஸ் மைனர், மினி கார்களில் இருந்த எஸ்யூ கார்புரேட்டரின் கதை வேறு. அதன் அடியில் உள்ள மரையைத் திருப்பினால் எல்லா வேகத்துக்கும் கலவை மாறும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கிப் பார்ப்பார்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. ஒரு நொடி கூடிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. காதும் விரலும் போதும், கருவி வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் மலாயாவிலும் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து ஓசையை வைத்தே கலவை வைத்த கைகளின் திறமை கட்டுக்கதை இல்லை.

போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மரக்கரியை எரித்து அந்த வாயுவில் பேருந்துகளை ஓட்டினார்கள். அப்போது கலவையைச் சரிசெய்வது பட்டறையின் வேலையாகக்கூட இல்லை. கரி எரியும் விதத்துக்கேற்ப வாயுவின் தரம் மாறிக்கொண்டே இருந்ததால், காற்று வரும் வழியைக் கூட்டிக் குறைப்பது ஓட்டுநரின் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது.

ஆனால் காதால் வைத்த கலவை, வைத்த இடத்துக்குத்தான் சரி. கேமரன் மலைக்குப் போனால் காற்று அடர்த்தி குறையும்; பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. வண்டி கரும்புகை விடும். ஊட்டிக்கு அம்பாசடரில் போனவர்கள் வண்டி மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பார்கள். சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் இல்லை. தீவின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா குன்றே 160 மீட்டருக்குச் சற்று மேல்தான்.

இப்போது திருகாணி யார் கையில்?

சிங்கப்பூரில் ஈயமில்லாப் பெட்ரோல் 1991ல் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 1998ல் முற்றிலும் நின்றது. அந்த மாற்றத்துக்குக் காரணம் மக்களின் உடல்நலம் மட்டுமன்று. புகைபோக்கிக் குழாயில் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றி, அதாவது ‘கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்’, ஈயம் பட்டால் செத்துவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலைமிக்க உலோகங்கள் பூசப்பட்ட அந்தத் தேன்கூட்டுப் பெட்டி, கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் ஒரே நேரத்தில் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கலவை 14.7க்கு மிக அருகில் இருக்க வேண்டும். சற்றுக் கூடினால் கார்பன் மோனாக்சைடு தப்பிவிடும். சற்றுக் குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் தப்பிவிடும். எந்தத் தேர்ந்த காதாலும் இந்த நூலிழையை எல்லா வேகத்திலும் பிடித்து வைத்திருக்க முடியாது. திருகாணி மறைந்ததற்குக் காரணம் இதுதான்.

அதன் இடத்துக்கு வந்தது உயிர்வாயு உணர்கருவி. பாஷ் நிறுவனம் உருவாக்கிய இதை 1976ல் வால்வோ நிறுவனம், கலிஃபோர்னியாவின் கடுமையான புகை விதிகளுக்காகத் தன் கார்களில் முதலில் பொருத்தியது. தையற்காரரின் விரல்கவசம் போன்ற பீங்கான் முனை ஒன்று புகையில் நீட்டிக்கொண்டிருக்கும். சில நூறு டிகிரிக்குச் சூடேறியதும், புகையில் உயிர்வாயு மிச்சமிருந்தால் 0.1 வோல்ட் அளவில் ஒரு சமிக்ஞையும், மிச்சமில்லாவிட்டால் 0.9 வோல்ட் அளவில் ஒரு சமிக்ஞையும் தரும். இதைப் படித்துக் காரின் கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், மறுபடி கூட்டும். கார் ஓடும் நேரமெல்லாம் இது நடந்துகொண்டே இருக்கிறது. பழைய பட்டறைக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை செய்த வேலையைக் கார் இப்போது நொடிக்கு நொடி செய்கிறது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான், சற்றுத் தாமதமாக. பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்தபோது புதிய இருசக்கர வண்டிகளிலிருந்தும் கார்புரேட்டர் ஏறக்குறைய விடைபெற்றது.

கணினி எழுதி வைக்கும் கணக்கு

அப்படியானால் வீட்டில் செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பெரும்பாலோர் அறியாத பகுதி இது.

ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் உள்ள ஒரு செருகி இருக்கும். ‘ஓபிடி’ எனப்படும் அந்த இடத்தில் செருகும் சிறு கருவி சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. அது புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு பேசும். எஞ்சின் விளக்கு எரிந்தால் அதன் குறியீட்டைப் பார்க்கத்தான் பலர் இதை வாங்குகிறார்கள். கலவையைப் பற்றி அறிய அதில் இரண்டு எண்கள் போதும். ஒன்று குறுகியகால ‘ஃபியூவல் ட்ரிம்’, மற்றது நீண்டகால ‘ஃபியூவல் ட்ரிம்’.

ட்ரிம் என்பது கணினி செய்யும் திருத்தம். உள்ளே வரும் காற்றைப் பார்த்து, பத்துத் துளி பெட்ரோல் போதும் என்று கணினி கணக்கிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எரிந்த பிறகு புகையில் உயிர்வாயு மிச்சமிருப்பதாக உணர்கருவி சொல்கிறது. கணினி பதினொரு துளியாக்குகிறது. அந்தக் கூடுதல் ஒரு துளிதான் +10 விழுக்காடு. குறுகியகால எண் ஓயாமல் ஊசலாடும். ஒரே பக்கம் தொடர்ந்து சாய்ந்தால், அதைக் கணினி நீண்டகால எண்ணில் எழுதி நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை பூஜ்யத்தின் இருபுறமும் 5க்குள் இருந்தால் கவலையில்லை. 10ஐத் தாண்டினால் ஏதோ ஒன்று கணினியை ஏமாற்றுகிறது. 20, 25 என்று போனால் கணினி கைவிரித்துவிட்டு எஞ்சின் விளக்கை ஏற்றும். பி0171 என்றால் மெலிந்த கலவை, பி0172 என்றால் மிகுந்த கலவை.

ஒரு முறை பார்த்தால் போதாது. எஞ்சின் சூடான பிறகு, நின்ற நிலையில் ஒன்று, சீரான வேகத்தில் ஒன்று என இரண்டு நிலைகளில் பார்க்க வேண்டும். ஓடும் காரில் எண்களைப் பார்ப்பது பக்கத்து இருக்கைக்காரரின் வேலை.

நின்ற நிலையில் +20 காட்டி, வேகம் எடுத்ததும் +5க்கு இறங்கினால், எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது என்று கொள்ளலாம். ஓட்டையின் அளவு மாறுவதில்லை. சின்னச் சட்டிக் கஞ்சியில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினால் தெரியும். அண்டாவில் ஊற்றினால் தெரியாது. எஞ்சின் குறைவாகக் காற்று வாங்கும்போது அந்த ஓட்டை பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சிங்கப்பூரின் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் பத்தாண்டு வெந்த ரப்பர் குழாய் கையில் எடுத்தால் அப்பளம்போல் உடையும். குழாயின் விலை சில வெள்ளி.

இதற்கு நேர்மாறாக, நின்ற நிலையில் சரியாக இருந்து, மிதிக்க மிதிக்க எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றளவு உணர்கருவி அழுக்கடைந்திருக்கிறது. முதலாவது பெட்ரோல் பம்ப், வடிகட்டி சம்பந்தப்பட்டது. பட்டறைக்குத்தான் போக வேண்டும். இரண்டாவதை வீட்டில் பார்க்கலாம். காற்று வடிகட்டிப் பெட்டியைத் தாண்டியதும் குழாயில் இருக்கும் அந்த உணர்கருவிக்குள் தலைமுடியைவிட மெல்லிய சூடான கம்பி இருக்கிறது. அதில் தூசி படிந்தால் வரும் காற்றைக் குறைத்துச் சொல்லும். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, கழற்றி, அதற்கென்றே விற்கும் திரவத்தைத் தெளித்து, முழுதாக உலர்ந்தபின் மாட்ட வேண்டும். கம்பியை விரலாலோ துணியாலோ தொட்டால் உணர்கருவி போய்விடும். புதியதன் விலை அந்தத் திரவத்தின் விலையைப்போலப் பல மடங்கு.

எல்லாக் கார்களிலும் இந்தக் கம்பி இருக்காது. சில கார்கள் காற்றை அளக்காமல், உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்து கணக்குப் போடுகின்றன. அவற்றில் ரப்பர் குழாய் வெடித்தால் ட்ரிம் பெரிதாக மாறாமல், நின்ற நிலையில் எஞ்சின் வேகம் மட்டும் ஏறலாம். காரின் கையேட்டைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பிவிடக்கூடாது.

பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு கூடுதலாக வந்த காரில் பெரும்பாலும் எண் கழித்தல் பக்கம் இருக்கும். கணினி பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போகிறது, அப்படியும் மிஞ்சுகிறது. ஒழுகும் இன்ஜெக்டர், பெட்ரோல் ஆவியை இழுக்கும் வால்வு மூடாமல் இருப்பது, பெட்ரோல் அழுத்தம் அளவு மீறுவது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

குளிர்நீர் வெப்ப உணர்கருவியும் இதில் சேரும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று அது பொய் சொன்னால் கணினி ‘சோக்’ போட்டதுபோலப் பெட்ரோலைக் கொட்டும். இதைப் பிடிக்கச் சிங்கப்பூர்வாசிகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. இரவு முழுவதும் நின்ற கார், காலையில் கிளப்பும் முன் 27 முதல் 30 டிகிரிக்குள்தான் காட்ட வேண்டும். உள்ளே வரும் காற்றின் வெப்பமும் குளிர்நீரின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 28, மற்றது 8 என்று காட்டினால் ஆள் பிடிபட்டுவிட்டார்.

எண்ணை அப்படியே நம்பினால்

உணர்கருவி பெட்ரோலை அளப்பதில்லை, உயிர்வாயுவைத்தான் அளக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் பணம் இழப்போர் உண்டு.

ஸ்பார்க் பிளக் ஒன்று பழுதாகி ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிட்டால், அதில் இருந்த பெட்ரோலும் வெளியே வரும், உயிர்வாயுவும் வெளியே வரும். உணர்கருவிக்கு உயிர்வாயு மட்டும் தெரியும். ‘கலவை மெலிந்துவிட்டது’ என்று அறிக்கை தரும். கணினி மற்ற சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டும். புகைபோக்கியில் பெட்ரோல் நெடி, கருவியில் மெலிந்த கலவை! பெட்ரோல் பம்பை மாற்றினாலும் இது தீராது. பிளக்கை மாற்றினால் தீரும். உணர்கருவிக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு விரிசல் இருந்தாலும் இதே பொய்தான். வெளிக்காற்று உள்ளே நுழைந்து கணக்கைக் கெடுக்கும்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது இன்றும் பயனுள்ள பழைய பழக்கம். வெளிர் பழுப்பு நிறம் நலம். புகைக்கரி படிந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்துக் கொப்புளம் போட்டிருந்தால் வெப்பம் அதிகம். நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் கோளாறு அந்த ஒரு சிலிண்டரில்; கலவையைக் குறைசொல்ல வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எஞ்சின் விளக்கு அணைந்துவிடும் என்பதும் பரவலான ஆலோசனை. அணையும். கணினி கற்று வைத்திருந்த திருத்தமும் அதோடு அழியும். கோளாறு அப்படியே இருப்பதால் சில நாளில் விளக்கு திரும்பி வரும். இடைப்பட்ட நேரத்தில், எங்கே கோளாறு என்று சொல்லக்கூடிய எண்களை நாமே அழித்திருப்போம்.

98 பெட்ரோல் போட்டால் கலவை சரியாகும் என்பதும் தவறு. 92, 95, 98 என்பவை தட்டும் ஓசைக்கு எதிராகப் பெட்ரோல் தாக்குப்பிடிக்கும் திறனைக் குறிக்கும் எண்கள். கலவைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

சட்டமும் உயிரும்

கார்புரேட்டர் உள்ள பழங்காரை ‘கிளாசிக்’ திட்டத்தில் வைத்திருப்பவர்கள் இன்றும் திருகாணியைத் திருப்பலாம். எங்கே திருப்புவது என்பதுதான் கேள்வி. வீவக கார் நிறுத்துமிடம் பட்டறை வேலைக்கு உரிய இடமன்று. கலவை வைக்க எஞ்சின் கால் மணி நேரமாவது நின்ற இடத்தில் ஓட வேண்டும். சிங்கப்பூரில் நெரிசல் போன்ற காரணமின்றி நிறுத்திய வாகனத்தின் எஞ்சினை ஓடவிடுவது குற்றம். நீதிமன்றத்தில் உறுதியானால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது உயிர்வாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கும். கதகதப்பால் வந்த களைப்பு என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிடுபவர் எழாமல் போகலாம். பழங்கார்களில் வினையூக்கி மாற்றி இல்லை. கலவை வைக்கும்போது ஒரு கட்டத்தில் வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டிப் பார்க்கிறோம். அதாவது விஷவாயு மிக அதிகமாக வெளிவரும் நேரத்தில் நாம் அதன் பக்கத்தில் குனிந்திருக்கிறோம். கூட்டுரிமை வீட்டின் அடித்தள நிறுத்துமிடத்திலோ, கதவடைத்த தரைவீட்டுக் கொட்டகையிலோ இந்த வேலை கூடவே கூடாது. கதவைப் பாதி திறந்துவைத்தால் போதும் என்பதும் ஆபத்தான நம்பிக்கை.

மடிக்கணினியை வைத்து எஞ்சின் கணினியின் கணக்கையே மாற்றி எழுதும் ‘ரீமேப்’ வேலையும் உண்டு. அமெரிக்காவில் இதற்கென்றே சொந்தமாகக் கணினிப் பெட்டி செய்துகொள்ளும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஆனால் முழு விசையில் கலவை எப்படி இருக்கிறது என்று பார்க்க வண்டியை முழு விசையில் ஓட்டியாக வேண்டும். அதற்குப் பந்தயத் தடமோ உருளைமேடையோ வேண்டும். தீவு விரைவுச்சாலை அதற்கான இடமில்லை. எஞ்சின், புகைபோக்கி மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உள்ளன. சட்டவிரோத மாற்றத்துக்கு அபராதமோ சிறையோ விதிக்கப்படலாம். வினையூக்கி மாற்றியைக் கழற்றிவிட்டால் வண்டி இழுக்கும் என்று சொல்பவர்கள், அடுத்த பரிசோதனையில் அதே குழாய் புகைபோக்கிக்குள் நுழையும் என்பதைச் சொல்வதில்லை.

கலவை கெட்ட காரை அப்படியே ஓட்டுவதும் செலவுதான். எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றிக்குள் போய் அங்கே எரியும். உள்ளிருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். சில வெள்ளி ரப்பர் குழாயையோ ஒரு ஸ்பார்க் பிளக்கையோ ஓராண்டு கவனிக்காமல் விட்டதன் விலையாக அந்தப் பெட்டியையே மாற்ற நேரிடும். பட்டறைக்குப் போகும்போது, “வண்டி சரியில்லை” என்று மட்டும் சொல்லாமல், நின்ற நிலையில் இத்தனை, ஓடும்போது இத்தனை என்று இரண்டு ட்ரிம் எண்களைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால் தேடும் நேரமும் குறையும், தேவையற்ற பாகங்களை மாற்றும் செலவும் குறையும்.

புக்கிட் பாத்தோக்வாசிகளுக்குத் தனியாக ஒரு குறிப்பு. வினையூக்கி மாற்றி நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். பரிசோதனை நிலையம் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் ஓட்டிக்கொண்டு போனால், ஒரு குறையுமில்லாத கார்கூட அங்கே கூடுதல் அளவு காட்டலாம். முன்பதிவு செய்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பி, விரைவுச்சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வரிசையில் சேர்வது நல்லது.